சசி மாமாவின் கலியாணமும் லொறி டர்போவும்

எந்தப் பொருளை வாங்கினாலும் தேவையைப் பார்த்து வாங்க வேண்டும், பருமனைப் பார்த்து வாங்கக்கூடாது என்று உங்கள் இருவருக்கும் பல தடவை சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அம்மா எழுந்து குசினிக்குள் போய்விடுவார். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அடுப்பில் ஒன்றும் இல்லை. சிரிப்பதற்குத்தான் போகிறார்.

காரணத்தைச் சசி மாமாவின் வாயால் கேட்டிருக்கிறீர்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் கதை ஒரு சாண் வளர்கிறது (கார் ஏப்பம் விட்டது என்பது முழுப் பொய்). ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது என் கடமை. உங்களில் ஒருவர் அப்போது பிறக்கவில்லை. மற்றவர் அன்று முழுக்க அம்மாவின் தோளில் நித்திரை.

நான் ஓ.எல். சோதனை வரை படித்தவன். தோட்டக்காரரின் தண்ணீர்ப் பம்புகளைத் திருத்துவது என் தொழில். எங்கள் ஏ-40 கார் அம்மப்பா தந்தது. யுத்தத்தில் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிப் பழகிய கார். அம்மாவின் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. அந்த வீட்டுக் கலியாணம் எதுவானாலும் மாப்பிள்ளை அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போக வேண்டும். நானும் அதில்தான் போனேன். அம்மாவின் தம்பி சசி மாமாவுக்குத் தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயிலில் கலியாணம் என்று முடிவானதும், அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மாமாவின் சாதகத்தில் செவ்வாய்க் குற்றம். ஆறு வருடமாகப் பொருத்தம் தேடி, கடைசியில்தான் மாமியின் சாதகம் பொருந்தியது. முகூர்த்தம் காலை பத்து இருபதிலிருந்து பதினொரு மணி வரை. அதை விட்டால் அந்த வருடத்தில் இருவருக்கும் ஒத்த நாள் இல்லை என்று சாத்திரியார் சொல்லிவிட்டார். அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"நேரத்துக்குக் கொண்டுபோய் விடுங்கோ. அது போதும்."

எனக்கு அது போதவில்லை.

கலியாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு நீர்வேலியில், பின்னால் பூட்டிய பெட்டி நிறைய வாழைக்குலை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று எங்கள் காரை முந்திப் போனது. முந்தியதைக்கூட மன்னிக்கலாம். ஓட்டியவர் திரும்பிப் பார்த்து, கையைக் காட்டி, "பின்னாலை வாங்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்து போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினேன். டர்போ என்றால் என்ன? எஞ்சின் வெளியே விடும் புகை ஒரு சில்லை (விசிறிச் சக்கரம்) சுழற்றும். அந்தச் சில்லோடு பூட்டிய மற்றச் சில்லு காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். எஞ்சினுக்குப் பலம் கூடும். ஒரு நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது பம்பு. தண்ணீருக்குப் பதில் காற்று. (விளங்காத ஒன்றை விளங்கியதாக நினைப்பதற்கும் ஒரு நிமிடம்தான் செல்லும்.)

யாழ்ப்பாணத்தில் ஏறுவதற்கு ஒரு மேடுகூட இல்லையே, எதற்கு இது என்று அம்மா கேட்டார்.

தொண்டைமானாற்றுப் பாலம் இருக்கிறது என்றேன்.

பழைய ஜப்பான் உதிரிப்பாகங்கள் விற்கும் அந்தோனி அண்ணையின் கடைக்குப் போனேன். அவர் குருநகர்க்காரர். வள்ளத்து எஞ்சின்களோடு பாதி ஆயுளைக் கழித்தவர். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நான் எழுதிக்கொண்டுபோன பட்டியலை மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்தார்.

"எத்தினை சீசீ?"

"ஆயிரத்து இருநூறு."

"வயசென்ன?"

"எனக்கோ, காருக்கோ?"

"காருக்கு. உம்மடை வயசு பட்டியலைப் பாக்கத் தெரியுது."

உள்ளே போய் ஒரு சின்ன டர்போவை எடுத்துவந்து மேசையில் வைத்தார். கைக்குள் அடங்கும் அளவு. ஜப்பான் குட்டிக்கார் ஒன்றில் கழற்றியது.

"இது காணும். உம்மடை எஞ்சின் விடுற மூச்சுக்கு இதுதான் சுத்தும்."

அதற்குள் என் கை தட்டில் இருந்த இன்னொன்றைத் தூக்கிவிட்டது. ஓர் இளம் பிலாக்காயின் பருமன், அதற்கேற்ற பாரம்.

"உது லொறியின்ரை, தம்பி. வையும்."

"பெரிசெண்டால் காத்தும் கூட வருமெல்லே, அண்ணை? இரண்டு இஞ்சிப் பம்பைவிட மூண்டு இஞ்சிப் பம்புதானே கூட இறைக்கும்."

"பெரிய சட்டி வாங்கினால் சோறு கூடுமோ? வீட்டிலை அரிசி எவ்வளவெண்டு பாக்க வேணும்."

நான் சட்டியைத்தான் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி, கொண்டு போம். ஆனால் வாயிலை ஃபில்டர் போடாமல் ஓடாதையும். திறந்த வாய், றோட்டிலை கிடக்கிற எல்லாத்தையும் உறிஞ்சும்."

ஃபில்டர் என்பது தூசியை மறிக்கும் வலை. அதைப் போட்டால் உள்ளே சுற்றும் சில்லு வெளியே தெரியாது. நாலு பேர் பார்க்காவிட்டால் டர்போ எதற்கு? அதை மட்டும் நான் வாங்கவில்லை.

வெல்டிங் கடையில் இரும்புக் குழாயை வளைத்து ஒட்டுவித்து டர்போவைப் பூட்டினேன். காற்றுப் போகும் வழிக்கு, மிளகாய்த் தோட்டத்துக்கு இறைக்கும் பச்சைக் குழாயில் ஒரு முழம் வெட்டினேன். பூட்டி முடிய, எஞ்சினை மூடும் பொனற் இறங்க மறுத்தது. பொனற்றில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை வெட்டினேன். அதற்குள்ளால் டர்போவின் வாய், எதிரே வருபவர்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டபடி நின்றது.

ஒரு மாதம் ஓடினேன். சில்லு, மழைக்கால மின்விசிறி போலச் சோம்பலாகச் சுற்றியது. வேகம் முன்பைவிடக் குறைந்தது. அரிசிக் கணக்குச் சரிதான் என்று அப்போதே எனக்குத் தெரியும். அதை யாருக்கும் சொல்லவில்லை. "கலியாணத்துக்கு முதல் உதைக் கழட்டி வையுங்கோவன்" என்று அம்மா இரண்டு தரம் சொன்னார். அது வேகமாக ஓடினால்தான் வேலை செய்யும், நான் இன்னும் வேகமாக ஓடவில்லை என்றேன்.

கலியாண நாள் வந்தது. தம்பிக்குப் பொருத்தம் வந்தால் வடைமாலை சாத்துவதாக அம்மா மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு நேர்ந்திருந்தார். காலையில் பூசை முடித்து, ஐம்பத்தொரு மிளகு வடை கோத்த மாலையை என் கையில் தந்து, "மடியிலை வைச்சுக்கொண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு வாடகை வான் வண்டியில் ஏறிப் போனார்.

கலியாணக் காருக்கு மாலைதானே அழகு. நான் அதைப் பொனற்றுக்குக் குறுக்கே கட்டினேன்.

மாப்பிள்ளையை அழைத்துப்போக வந்திருந்த தோழன், மாமியின் தம்பி, எனக்குப் பக்கத்தில் இருந்தார். படித்த பிள்ளை, அமைதியானவர்.

"அண்ணை, உது பறக்காதோ?"

"ஆஞ்சநேயற்றை மாலை, தம்பி. பறக்காது."

"அவரே பறந்தவர்தானே, அண்ணை."

உரும்பிராய், கோப்பாய் எல்லாம் சுகமாகக் கடந்தோம். நீர்வேலி நேர் றோட்டில் ஏறியபோது முன்னால் ஒரு பெட்டி தெரிந்தது. பெட்டி நிறைய வாழைக்குலை. அதே உழவு இயந்திரம்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் அம்மா கேட்டதை நான் மறந்தேன். முகூர்த்தத்தை மறந்தேன். மிதிபலகையை அடிவரை மிதித்தேன். கார் நடுங்கியது. பிறகு, வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, டர்போ விசிலடித்தது.

"சசி, கேக்குதோ?"

"கேக்குது, அத்தான்." பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகப் பின்சீற்றில் இருந்த சசி மாமாவின் குரலில் பயம் இருந்தது. நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

உழவு இயந்திரத்தை முந்தினேன். முந்தும்போது கையை வெளியே நீட்டி, "பின்னாலை வாங்கோ" என்றேன்.

அந்த வேகத்தில் காற்று மாலையை எழுப்பியது. மாலை ஒருமுறை நெளிந்து, மெதுவாகப் பின்னால் வந்து, திறந்திருந்த வாயின்மேல் படிந்தது. முதலில் "டொக்" என்று ஒரு சத்தம். பிறகு டொக், டொக், டொக் என்று வரிசையாக. நூலோடு சேர்த்து, அண்ணாந்து தண்ணீர் குடிப்பது போல, டர்போ மாலையை இழுத்துக்கொண்டிருந்தது. பச்சைக் குழாய் வெடித்தது. கார் இருமியது, நடு றோட்டில் நின்றது.

சூட்டில் மிளகும் உழுந்தும் மணத்தன.

"அத்தான்," என்றார் சசி மாமா, "பக்கத்திலை எங்கையோ வடை சுடுகினம்."

தோழன் இறங்கிப் போய் எட்டிப் பார்த்தார். "பதினேழு மிஞ்சியிருக்கு, அண்ணை" என்றார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். "பத்து அஞ்சு."

வான் வண்டியில் போனவர்களுக்குப் போன் எடுத்தோம். கோயில் மேளத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஓர் ஓட்டோகூட அந்தப் பக்கம் வரவில்லை. உழவு இயந்திரம் மட்டும், நான் சொன்னபடியே, பின்னால் வந்துகொண்டிருந்தது.

ஓட்டியவர் நிறுத்தி இறங்கினார். பொனற்று ஓட்டைக்குள் நெடுநேரம் பார்த்தார்.

"என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?"

"வடை."

"ம்." பிறகு தலைப்பாகையோடு நின்ற சசி மாமாவைப் பார்த்தார். "குலை சந்நிதிக்குத்தான் போகுது, அன்னதானத்துக்கு. மாப்பிள்ளையை ஏத்துங்கோ."

மாமாவும் தோழனும் குலைகளுக்கு நடுவே ஏறினார்கள். நானும் காலை வைத்தேன்.

"நீங்கள் எங்கை வாறியள்? நடு றோட்டிலை நிக்கிற காரை ஆர் பாக்கிறது?" என்றார் அவர்.

வைத்த காலை எடுத்தேன். மாமா பெட்டிக்குள் நின்றபடி குலையொன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு காரைத் தனியே தள்ளி ஓரம் கட்டினேன். என் பட்டு வேட்டியில் எண்ணெய். ஒவ்வொரு நிமிடமும் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து முப்பது, பத்து நாற்பது. ஆறு வருடம் தேடிய சம்பந்தம்.

பத்து ஐம்பத்தேழுக்கு அம்மாவின் போன் வந்தது. முதலில் கெட்டிமேளம் மட்டும் கேட்டது. பிறகு அம்மாவின் குரல்.

"தாலி ஏறீட்டுது. நீங்கள் எங்கை?"

"நீர்வேலியிலை."

ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"சாப்பிட்டியளோ?" என்றார்.

பதினேழு வடையும் பக்கத்தில்தான் இருந்தன. ஒன்றைக்கூட நான் தொடவில்லை.

கலியாண அல்பத்தைப் புரட்டும்போது, மூத்த மருமகனான அப்பா ஒரு படத்திலும் இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். தாலி கட்டும் படத்தை உற்றுப் பாருங்கள். மாமாவின் பட்டு வேட்டியில், முழங்காலுக்குக் கிட்ட, கறுப்பாக ஒரு கறை இருக்கும். வாழைக் கயர், வெட்டிய குலையில் வடியும் பால். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. அதுதான் நான்.

லொறி டர்போவை அந்தோனி அண்ணையிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் உள்ளே பார்த்து, ஒரு மிளகை நகத்தால் எடுத்து மேசையில் வைத்தார். கார் இப்போதும் ஓடுகிறது, பழைய வேகத்தில். பொனற்று ஓட்டையை நான் அடைக்கவில்லை. மழைக்கு மட்டும் ஒரு தட்டால் மூடுகிறேன்.

மற்றபடி நீங்களே பார்க்கிறீர்கள். சசி மாமா வீட்டுக்குப் போனால் மாமி எல்லோருக்கும் தேத்தண்ணியும் வடையும் வைப்பார். என் தட்டில் மட்டும் வடைக்கு மேல் தேத்தண்ணி வடிக்கும் வலைவடியைக் கவிழ்த்து வைத்திருப்பார்.

"அத்தானுக்கு ஃபில்டரோடை" என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

நான் வடியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, வடையைச் சாப்பிடுவேன். அம்மா எழுந்து அவர்களுடைய குசினிக்குள் போவார்.