கூடவே இருப்பவர்

நம்மிடையே ஓர் இனம் பெருகிவருகிறது. கூடவே இருப்பவர்கள். அறிவுரை சொல்ல மாட்டார்கள். தீர்ப்பும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் சொன்னதைச் சற்று மென்மையாக்கி உங்களிடமே திருப்பித் தருவார்கள். இதற்கென்று படித்தும் இருக்கிறார்கள்.

ஏற்காட்டில் எல்வின் என்றொரு மனநல ஆலோசகர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், மற்ற நாட்களில் புத்தர். பழைய எஸ்டேட் பங்களாவின் பின்கட்டில் பாய் விரித்து, வெண்கலக் கிண்ணம் ஒன்றை வைத்து, வருகிறவரை நோயாளி என்று சொல்லாமல், மூச்சைக் கவனிக்கச் சொல்லி, எதுவும் நிலையில்லை என்று இடையிடையே நினைவூட்டி, அவருக்கான பதில் அவருக்குள்ளேயே இருக்கிறது என்று நம்பிக் காத்திருப்பார். பதில் தாமதமானால் கிண்ணத்தைத் தட்டுவார்.

நாகலூரிலிருந்து புவனேஸ்வரி வந்தார். காப்பித் தோட்டப் பங்கில் அண்ணனோடு சண்டை, வெகுகாலமாகப் பேச்சில்லை. அந்த அண்ணன் சேலம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இன்றைய ராத்திரியைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். போனால் அண்ணி முகத்திலடித்தாற்போல் எதையாவது சொல்வார். போகாவிட்டால்?

“போலாமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“ஒரு வார்த்தை வேண்டும் என்று இருக்கிறது உங்களுக்கு.”

“ஆமாங்க. அதைத்தானுங்க கேக்கறேன்.”

“கேட்கிறீர்கள்.”

கிண்ணம் ஒலித்தது. ஒலி அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். அடங்கியபோது, கீழே வளைவில் சேலம் போகும் கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

“பஸ் போயிருச்சுங்க.”

“போய்விட்டதோ என்று ஒரு பதற்றம்.”

“பதற்றமில்லீங்க. பஸ்ஸே போயிருச்சு. வெளிய உங்க கார் நிக்குதுங்களே.”

“கார் நிற்பதைக் கவனிக்கிறீர்கள்.”

புவனேஸ்வரி எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினார்.

“ஏனுங்க, எந்திரிங்க. போலாம்.”

வருகிறவர் போகும் வழியில் கூடவே போக வேண்டும், முன்னால் நின்று இழுக்கக் கூடாது என்பது எல்வினின் கோட்பாடு. சாவியை எடுத்தார். கொண்டை ஊசி வளைவுகளில் அவர் மூச்சைக் கவனிக்கவில்லை. எதிரே வந்த லாரிகளைக் கவனித்தார்.

வார்டில் அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. விலகி இடம் விட்டார். அண்ணன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தார். பிறகு எல்வினைப் பார்த்து, யார் என்று கண்ணால் கேட்டார்.

“நொம்ப நல்லவருங்ணா,” என்றார் புவனேஸ்வரி. “கேட்டா ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு.”

பதில் அந்த அம்மாவுக்குள்ளேயே இருந்தது என்று பயிலரங்குகளில் எல்வின் இப்போது சொல்கிறார். பொய்யென்று சொல்ல முடியாது. காரைப் பற்றி மட்டும் சொல்வதில்லை.

நான் அந்த இனமில்லையே என்கிறீர்கள். அந்த இனமில்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறது. புரிகிறது. போன வாரம் ஒருவர் தன் கஷ்டத்தைச் சொன்னபோது கண்மூடி, மெல்லத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்களே, அப்போது உங்கள் வண்டி எங்கே நின்றிருந்தது?