நீலத் தகட்டு வீடு

படுக்கையறைச் சன்னல் மறுபடியும் மூட மறுத்தது. ரோலண்ட் டிக்பி ஒரு பழைய துண்டைச் சுருட்டி இடுக்கில் திணித்து, அதன்மேல் டேப்பை ஒட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வென்பிரிட்ஜில் இந்தக் கோணல் வீட்டை வாங்கியதிலிருந்து ஓய்வை மட்டும் அவர் கண்ணால் பார்க்கவில்லை.

"இந்தக் குளிர் என் நெஞ்சுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார், ரோலண்ட்," என்றாள் அவர் மனைவி மேவிஸ், கம்பளித் தொப்பியோடு போர்வைக்குள்ளிருந்து. "பனி விழறதுக்குள்ள சன்னலை மாத்து. இல்லேன்னா பூனையைத் தூக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

மாற்றலாம்தான். ஆனால் வாசல் சுவரில் நீலத் தகடு ஒன்று இருந்தது: 'இவ்வீடு 1590இல் கட்டப்பட்டது.' வீட்டைப் பார்க்க வந்தபோது அதைக் கவனித்ததாக அவருக்கு நினைவில்லை. குடிவந்த அன்றுதான் கண்ணில் பட்டது. அந்தத் தகடு இருக்கிற வீட்டில் ஆணி அடிப்பதென்றாலும் நகராட்சியைக் கேட்க வேண்டும்.

கேட்டார். பழைய கட்டடங்களுக்கான அதிகாரி பிலிப்பா தோர்ன் வந்தார். தகட்டை ஆசையாகத் தடவிவிட்டு உள்ளே நுழைந்தார்.

"குளிர் புகாத இரட்டைக் கண்ணாடிச் சன்னலா? இந்த வீட்டுக்கா? விளையாடுறீங்களா மிஸ்டர் டிக்பி? முதல்ல அந்த டேப்பை எடுங்க."

"பக்கத்து வீடும் இதே மாதிரி சாஞ்சுதானே நிக்குது? அவங்க போன வருஷம் போட்டிருக்காங்களே?"

"அங்கதான் தகடு இல்லையே," என்றார் பிலிப்பா.

ரோலண்ட் டேப்பை உரித்தார். கூடவே பெயின்டும் உரிந்து வந்தது. அடியில் அதைவிடப் பழைய பெயின்ட் தெரிந்தது. பிலிப்பாவின் முகம் மலர்ந்தது.

அடுத்த வாரம் பிலிப்பா அனுப்பிய நிபுணர் ஒருவர் வந்து பெயின்டைச் சுரண்டினார். சுரண்டிய வேகத்தில் சுவர் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது.

"சாணியும் வைக்கோலும்! அத்தனையும் ஒரிஜினல்!" என்று கூவினார் அவர்.

"ரொம்ப சந்தோஷம். ஓட்டையை எப்ப அடைப்பீங்க?"

"அடைக்கிறதா? அதுக்குக் குழு கூடணும் சார். வசந்த காலத்துல கூடும்."

ரோலண்ட் அவருக்கு டீ கொடுத்தார். பிஸ்கட் நமுத்திருப்பதற்கு மன்னிப்பும் கேட்டார். சண்டை என்று அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"சுவரைப் பேத்துட்டுப் போறான். நீ அவனுக்கு ரெண்டாவது பிஸ்கட் குடுக்கிறே," என்றாள் மேவிஸ்.

ஓட்டையை மறைக்க அலமாரியை நகர்த்தி வைத்தார். அலமாரிக்குப் பின்னால் இருட்டும் அமைதியும் கிடைத்ததும் ஒரு வௌவால் குடிவந்துவிட்டது. பிலிப்பா மறுபடி வந்து, எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"தூங்குது. சட்டப்படி அதைத் தொந்தரவு பண்ணக் கூடாது. லைட் போடாதீங்க, சத்தம் போடாதீங்க. நீங்க வேற எங்கயாவது படுத்துக்கோங்களேன்?"

அன்றிலிருந்து வௌவால் படுக்கையறையில், டிக்பி தம்பதி சமையலறையில்.

மேவிஸ் இருமிக்கொண்டே பெட்டியைக் கட்டினாள். பக்கத்தில் பூனைக்கூடையையும் எடுத்து வைத்தாள். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு. மேவிஸ் இல்லாத வீடு 1590இல் கட்டியதாக இருந்தால் என்ன, நேற்றுக் கட்டியதாக இருந்தால் என்ன? அழுகை வந்தது. வாசற்படியில் போய், தூறலில் நனைந்தபடி உட்கார்ந்தார்.

பக்கத்து வீட்டுக் கிழவி திருமதி ஹாஸ்கெட், சூடான ஆப்பிள் பலகாரத் தட்டும் கையுமாக வந்தார். அவர் வீட்டுக் கதகதப்பு அப்படி, மெல்லிய சட்டையோடு நின்றார்.

"என்ன கண்ணு, மழையில உக்காந்திருக்கே?"

சன்னல், பெயின்ட், ஓட்டை, வௌவால், நாளைக் காலை மேவிஸ் ஏறப்போகும் ரயில் என எல்லாவற்றையும் சொல்லி முடித்தார் ரோலண்ட். கிழவி பொறுமையாகக் கேட்டார். பிறகு தட்டை அவர் மடியில் வைத்துவிட்டு, ஏப்ரன் பைக்குள்ளிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினார்.

"எதிர் வீட்டுக்கு நாளைக்குப் புதுசா ஆள் வர்றாங்க கண்ணு. நீ வர்றதுக்கு முன்னாடி நாங்க எங்க வீட்டுத் தகட்டைக் கழட்டி உன் வீட்ல மாட்டினோமே, அதே மாதிரி நீயும் அங்க மாட்டிட்டு வந்துடு!"