அரிப்பு இல்லாத பிளேடு

எண்பத்து மூன்றாம் வருஷம், காரிமங்கலத்துக்கு வெளியே 'உயர்வெப்ப உலோகச் சோதனை நிலையம்' என்று ஓர் அரசு அலுவலகம் இனிதே தொடங்கப்பட்டது. டர்பைன் பிளேடுக்கான நிக்கல் கலவையை ஆராய்வது அதன் மேலான நோக்கம். டர்பைன் ஓடுகிற சூட்டில் எண்ணெய்ப் புகையும் உப்பும் சேர்ந்து பிளேடைக் கரையான் மாதிரி அரித்துவிடும். குரோமியம் சேர்த்தால் தாக்குப்பிடிக்கும். தற்காலிக உதவியாளர் ஸ்தனிஸ்லாஸ் அளவோடு சேர்த்து, நல்ல பிளேடு ஒன்றை வார்த்தேவிட்டார். அது தேறினால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் ராஜமேரியைக் கட்டிக்கொடுப்போம் என்று பெண் வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் அரசாங்கக் கலவையைத் தனி ஆள் முடிவு செய்யலாமா? கமிட்டி கூடியது.

"அலுமினியம் பத்தாதுங்க, ரெண்டு பங்காப் போடுங்க" என்றார் ஒருவர்.

"டைட்டானியம் தூக்கலா இல்லாத கலவைய இப்ப ஃபாரின்ல மதிக்கிறதே இல்லைங்க" என்றார், ஜெர்மனியில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தவர்.

வாயே திறக்காத உறுப்பினர் மனம் நோகக் கூடாதென்று அவர் பேரில் கொஞ்சம் போரான் சேர்த்தார்கள்.

"அலுமினியமும் டைட்டானியமும் மிஞ்சினா ஆறும்போதே வெடிச்சிருமுங்க" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"நீங்க டெம்பரவரிதானே?" என்று அன்பாக விசாரித்தார் இயக்குநர் மாதேஸ்வரன். ஸ்தனிஸ்லாஸ் விஞ்ஞானத்தை மூடிவைத்துவிட்டு, கமிட்டி சொன்ன கலவையையே உருக்கி வார்த்தார்.

கமிட்டி பிளேடு ஆறும்போதே படீரென்று மூன்று துண்டானது.

"அரிச்சிருக்கா?" என்றார் இயக்குநர்.

"எங்கங்க அரிக்கும்? சோதிக்கறதுக்கு முந்தியே உடைஞ்சு போச்சுங்களே!" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"அப்ப அரிப்பு இல்லைன்னு எழுதுங்க."

"விரிசலுங்க?"

"படிவத்துல அதுக்குக் கட்டம் இருக்கா? இல்லாததுக்கு நாம ஏன் மெனக்கெடணும்?"

ஸ்தனிஸ்லாஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கையெழுத்தையும் போட்டார்.

அறிக்கையோடு மூன்று துண்டும் மேலிடத்துக்குப் போயின. மேலிடம் மகிழ்ந்தது. அரிக்கவே அரிக்காத பிளேடு உடைவது மட்டும் ஏன் என்று ஆராய, பன்னிரண்டு நிரந்தரப் பணியிடங்களோடு விரிசல் பிரிவு ஒன்றைத் திறந்தது. தலைவர் ஸ்தனிஸ்லாஸ். கூட்டிப் பெருக்கும் கோவிந்தம்மாள்கூட நிரந்தரம். ராஜமேரி கழுத்திலும் தாலி ஏறியது.

முதல் நாளே ஸ்தனிஸ்லாஸ் உற்சாகமாக எழுதினார்: 'அலுமினியம், டைட்டானியம் இரண்டையும் குறைத்தால் விரிசல் வராது.' அவ்வளவுதான், ஆராய்ச்சி முடிந்தது.

"என்னங்க சார், அதுக்குள்ள எழுதிட்டீங்க?" என்றாள் கோவிந்தம்மாள்.

"காரணம் தெரிஞ்சு போச்சும்மா. இனிமே வெடிக்காது."

"வெடிக்கலீன்னா நம்ம பன்னெண்டு பேருக்கும் இங்க என்னங்க சார் வேலை?"

ஸ்தனிஸ்லாஸ் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தார். புதுத் தாள் எடுத்து, 'ஆய்வு தொடர்கிறது; மேலும் எட்டுப் பேர் தேவை' என்று எழுதி, அவளுக்கும் படித்துக் காட்டினார்.

"ஒம்பதுன்னு போடுங்க சார்" என்றாள் கோவிந்தம்மாள். "எம் மருமவன் வூட்டுல சும்மாத்தான் இருக்கான்."