இன்ட்ரோவர்ட் தட்சிணாமூர்த்தி

மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஒரு வீட்டு வாசற்படியும் ஏறுவதில்லை என்று தட்சிணாமூர்த்தி முடிவு கட்டினார். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் பெண்டாட்டி அம்பிகா கிழித்துவிடுவாள். தோதான காரணம் ஒன்று கிடைக்கட்டும் என்று காத்திருந்தார்.

வைகாசி வெயில். திண்டிவனத்துத் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிறது. அம்பிகாவின் சொந்தமோ விழுப்புரம், திருவெண்ணெய்நல்லூர், கண்டாச்சிபுரம் என்று பஸ் போகிற ஊரெல்லாம் இறைந்து கிடக்கிறது. புருஷனும் பெண்டாட்டியுமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு நேரில் போக வேண்டும். தபாலில் அனுப்பினால் மரியாதை இல்லை. வீட்டுக்கு வீடு காப்பி. வேண்டாம் என்றால் அவர்களுக்குக் கோபம். குடித்தால் இவருக்குச் சர்க்கரை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போகிற இடத்தில் அவர்கள் பேசுவார்கள். இவர் கேட்க வேண்டும். அதுதான் அவருக்கு ஆகாது.

பேர்தான் தட்சிணாமூர்த்தி. கோயிலில் அந்தப் பேர் கொண்ட சாமி வாயைத் திறக்காமலே பாடம் நடத்தும். இவருடையதோ மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டியில் விலை பேசிப் பேசி உரமேறிய வாய். மூட வராது. கல்யாண மண்டபத்தில் மைக் கண்ணில் பட்டுவிட்டால் தீர்ந்தது. "கடல் தோன்றி, கடலில் மண் தோன்றி..." என்று ஆரம்பிப்பார். மனுஷன் தோன்றுவதற்குள் பாயசம் ஆறிவிடும். இவர் வாழ்த்திக்கொண்டிருக்கும்போதே மாலையும் கழுத்துமாக ஒரு மாப்பிள்ளை தூங்கிப்போனதும் உண்டு. எழுப்பிவிட்டுத் தொடர்ந்தார்.

ஊரான் கல்யாணத்துக்கே இப்படி. சொந்த மகள் கல்யாணம் என்றால்? தேவயானி பிறந்த அன்றே வரவேற்புரைக்கு முதல் வரி போட்டுவிட்டார். அவள் பள்ளிக்கூடம் போனாள், காலேஜ் போனாள், சென்னையில் வேலைக்குப் போனாள். உரையும் கூடவே வளர்ந்தது. அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் மனுஷன் உயிரோடு இருந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

அவர் தேடிய காரணம் மாப்பிள்ளை ரூபத்தில் வந்தது.

மாப்பிள்ளை மணிமாறன் விழுப்புரம். வங்கியில் வேலை. நிச்சயதார்த்தத்தன்று காலையிலிருந்து சாப்பாடு வரை உட்கார்ந்திருந்தான். பேசியது ஒரே வார்த்தை. "போதுங்க." அதுவும் கேசரிக்கு.

அவர்கள் போனதும் தட்சிணாமூர்த்தி மகளைப் பிடித்தார்.

"இன்னாம்மா, புள்ளைக்கு வாய்ல எதனா குறையா?"

"அவரு இன்ட்ரோவர்ட்ப்பா."

"அப்படின்னா? எந்த டாக்டர்கிட்ட காட்டறாங்க?"

"வியாதி இல்லப்பா. சுபாவம். உள்முகமா இருக்கறவங்க. கூட்டம்னா அவங்களுக்கு சார்ஜ் எறங்கிடும். தனியா உக்காந்தா ஏறும். பொறப்புலயே வர்றது. யாரும் மாத்த முடியாது, மாத்தவும் கூடாது."

தட்சிணாமூர்த்திக்கு உள்ளே பல்பு எரிந்தது. மாத்தவும் கூடாதாமே!

மறுநாள் பத்திரிகை அச்சாகி வந்தது. அம்பிகா தட்டில் வெற்றிலை பாக்கு எடுத்து வைத்தாள்.

"ஜல்தி கெளம்புங்க. மொதல்ல கண்டாச்சிபுரம். என் தாய்மாமன் வீட்டுக்கு வெச்சிட்டுத்தான் மத்தவங்க."

தட்சிணாமூர்த்தி ஈஸிசேரில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்பிகா, இத்தினி நாளா ஒங்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். நான் ஒரு இன்ட்ரோவர்ட்டு."

"யாரு?"

"நான்தான்."

"நீங்களா?"

"வெளியில பேசறதெல்லாம் சும்மா மேல்பூச்சு. உள்ள நான் தனி ஆளு. கூட்டத்தப் பாத்தா சார்ஜ் எறங்குது. நாலு வீடு ஏறி எறங்கினா படுத்துக்குவேன். கல்யாண நேரத்துல பேஜாரு வேணாம்."

பத்ரகாளி ஆட்டம் ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருந்தார். அம்பிகா தட்டை எடுத்துக்கொண்டாள்.

"அப்ப சரிங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க. நான் செண்பகத்தையும் அவ வூட்டுக்காரரையும் கூட்டிக்கினு போய் வெச்சிட்டு வர்றேன்."

கல்யாணமான நாளிலிருந்து அம்பிகா எதற்கும் இத்தனை சீக்கிரம் 'சரி' சொன்னதில்லை. புத்தியுள்ள புருஷன் அங்கேயே எழுந்து சட்டை போட்டிருப்பான். இவர் ஃபேனை ஐந்தில் வைத்துத் தூங்கினார்.

செண்பகம் அம்பிகாவின் தங்கை. அவள் வீட்டுக்காரன் அப்பாதுரை, தட்சிணாமூர்த்திக்குச் சகலை. புதுக் கார்க்காரன். கார் வாங்கியதிலிருந்து யாராவது எங்காவது போக மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவன். ஊர் ஊராக மூன்று பேரும் போனார்கள். போன இடத்தில் எல்லாம் கேட்ட கேள்வி ஒன்றே. "எங்க ஒங்க வூட்டுக்காரரு?"

அம்பிகா தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னாள். "அவரு இன்ட்ரோவர்ட்டுங்க. கூட்டத்துல வாய் வராது. இத்தினி நாளா மைக்குல பேசினதெல்லாம் உள்ள கஷ்டப்பட்டுக்கினு பேசினதுதான். வெளியில சொல்லிக்கறதில்ல."

வெளியில் சொல்லிக்காத அந்தச் சேதி ஒரே வாரத்தில் திண்டிவனம் வந்து சேர்ந்தது.

மறுநாள் காலை தட்சிணாமூர்த்தி பஸ் ஸ்டாண்டு எதிரில் வழக்கமான டீக்கடைக்குப் போனார். பெஞ்சில் இருந்த நாலு பேரும் எழுந்து நகர்ந்தார்கள்.

"இன்னாப்பா, எழுந்துட்டீங்க?"

"நீங்க தனியா உக்காருங்கண்ணே. சார்ஜ் ஏறட்டும்."

"எனக்கு ஒண்ணும் இல்லடா!"

"கஷ்டப்பட்டுப் பேசாதீங்கண்ணே. டீய மட்டும் காட்டுங்க, நாங்களே புரிஞ்சிக்கறோம்."

வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் ஆரஞ்சுப் பழத்தோடு காத்திருந்தாள். பார்த்தாள், பழத்தை வைத்தாள், வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். அடுத்தடுத்து ஆள் வந்தார்கள். ஹார்லிக்ஸ் வந்தது. ஒருத்தரும் பேசவில்லை. பேச விடவும் இல்லை. பத்திரிகை வைக்கப் போயிருந்தால் காப்பியாவது கிடைத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து மணிமாறனே வந்துவிட்டான். ஒரு நாற்காலியை இழுத்து ஈஸிசேர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"மாமா, தேவயானி சொன்னா. ஒங்க கஷ்டம் எனக்குப் புரியும். யாரு இல்லாட்டியும் நான் கீறேன்."

அவ்வளவுதான். அப்புறம் வாய் திறக்கவில்லை. சுவரைப் பார்த்தான். தட்சிணாமூர்த்தியும் சுவரைப் பார்த்தார். பல்லி ஒன்று இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது. அதைப் பற்றி மட்டும் இவரிடம் அரை மணி நேரத்துக்கான விஷயம் இருந்தது. பையன் பஸ் ஏறும்போது அவர் கையைப் பிடித்து, "ரொம்ப நாளைக்கப்புறம் ஒருத்தர்கிட்ட மனசு விட்டுப் பேசின மாதிரி இருக்கு மாமா" என்றான்.

போதும் என்று ஆகிவிட்டது. அன்றைக்கே அம்பிகாவிடம் போய் நின்றார்.

"அம்பிகா, எனக்கு சரியாயிடுச்சி."

"இன்னா சரியாச்சி?"

"அந்த இன்ட்ரோவர்ட்டு. விட்டுடுச்சி."

"அது எப்படிங்க விடும்? வியாதின்னா விடும். ஒங்க பொண்ணுதான் சொன்னாளே, சுபாவம், பொறப்புலயே வர்றதுன்னு. அத மாத்தவும் கூடாதாமே. பயப்படாதீங்க. ஒங்கள கஷ்டப்படுத்தற வேல ஒண்ணுகூட வெக்கல. வரவேற்புரைகூட அப்பாதுரைக்கே குடுத்துட்டேன்."

தட்சிணாமூர்த்தி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"வரவேற்புரையா? என் பொண்ணு கல்யாணத்துக்கா? அவனுக்கா?"

"பின்ன? கூட்டத்துல ஒங்களுக்குத்தான் வாய் வராதே."

"அடியே, நான் சும்மா சொன்னேன்டி! வெயிலுக்குப் பயந்து சொன்னேன்!"

அம்பிகா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். குரல் உயரவே இல்லை.

"மெதுவா பேசுங்க. யாரு காதுலயாவது வுழப் போவுது. கண்டாச்சிபுரம் மாமா மொதல்ல இன்னா சொன்னாரு தெரியுமா? 'எங்க வூட்டுப் படிய மிதிக்க அவனுக்கு கவுரவம் கொறையுதா? நான் வர மாட்டேன்'னாரு. இந்த சுபாவத்த சொல்லித்தான் கால்ல வுழுந்து சரிக்கட்டி வெச்சிருக்கேன். நீங்க பாட்டுக்கு மைக்கப் புடிச்சி கடலு, மண்ணுன்னு ஆரம்பிச்சீங்க, மாமா எலய மடிச்சிட்டு எழுந்துடுவாரு. அவரு எழுந்தா பின்னாலயே சாதிசனம் மொத்தமும் எழுந்துடும். பொண்ணு மேடையில நின்னுக்கினு அதப் பாக்கணுமா? நீங்களே சொல்லுங்க."

மண்டியில் எத்தனையோ பேரத்தை முடித்தவர். இந்தப் பேரத்தில் அவர் கையில் சரக்கே இல்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் வரவேற்பு. திண்டிவனத்தில் மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் தேவயானி தங்கச் சிலைபோல நின்றாள். மணிமாறன் கோட்டுக்குள் ஒடுங்கி நின்றான். அம்பிகாவின் கண்டாச்சிபுரம் தாய்மாமன் துரைக்கண்ணு முன் வரிசையில் மீசையோடு உட்கார்ந்திருந்தார். தட்சிணாமூர்த்தியை ஒரு தூண் ஓரமாக, ஆள் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார வைத்திருந்தார்கள். சார்ஜ் இறங்கக் கூடாதாம்.

அப்பாதுரை மைக்கைப் பிடித்தான்.

"வந்திருக்கும் அனைவரையும் வருக வருக என வரவேற்கிறேன். இந்த வெயில்லயும் ஏசி போட்டுக்கினு என் கார்லயே ஊர் ஊரா வந்து உங்கள கூப்பிட்டோம். பொண்ணோட அப்பா இன்ட்ரோவர்ட். அவரால ஒண்ணும் முடியல. எல்லாம் நானேதான். மணமகள் தேவகி..."

தேவகியா!

தட்சிணாமூர்த்தி எழுந்துவிட்டார். எப்படி மேடைக்குப் போனார் என்று அவருக்கே தெரியாது. அப்பாதுரை கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

நாலு பேர் மேடையை நோக்கி ஓடினார்கள்.

"ஐயய்யோ, பேசப் போறாருடா! யாராவது புடிங்க!"

"சோடா எடுத்தாங்கப்பா!"

அவர் மகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"கடல்..." என்றார்.

முன் வரிசையில் துரைக்கண்ணுவின் ஒற்றைப் புருவம் மேலே ஏறியது. கை நாற்காலிப் பிடியை அழுத்தியது. எழுந்துவிடுகிற தோரணை.

அடுத்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. பின்னால் இருபத்தைந்து வருஷத்து உரை வரிசை கட்டி நின்றது. தட்சிணாமூர்த்தி வாயை மூடினார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"பாவம்யா. கடல்போல கூட்டம்னு சொல்ல வந்தாரு. வரல," என்று யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. மணிமாறன் முன்னால் வந்து மாமனாரின் தோளில் கை போட்டான். மெதுவாக மைக்கை வாங்கினான்.

"மாமாவால பேச முடியல. எனக்கும் பேச வராது. ஆனா அவருக்காகப் பேசறேன். எங்க ரெண்டு பேருக்கும் தேவயானின்னா உசுரு. எல்லாரும் சாப்புட்டுத்தான் போவணும்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. தேவயானி அழுதாள். துரைக்கண்ணு மேடையேறி வந்து தட்சிணாமூர்த்தியைக் கட்டிக்கொண்டார். "மாப்ள, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குப் புரிஞ்சிது," என்றார். வீடியோக்காரன் அதை மூன்று பக்கமிருந்து எடுத்தான்.

பந்தியில் தட்சிணாமூர்த்தி இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அம்பிகா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து அவர் இலையில் பாதி பிட்டு வைத்தாள்.

"உண்மையச் சொல்லு," என்றார் அவர், யாருக்கும் கேட்காத குரலில். "எனக்கு அது இல்லன்னு தெரிஞ்சிக்கினேதான இவ்ளோவும் பண்ண?"

"ஒங்களுக்கு அது இல்லன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள் அம்பிகா. "எப்பவாவது அது ஒங்களுக்கு வரணும்னு கல்யாணமான நாள்லேர்ந்து மயிலம் முருகனுக்கு வேண்டிக்கினு கீறேன். மாப்ள பொண்ண அனுப்பிட்டு நாம ரெண்டு பேரும் போயிட்டு வந்துடலாம், மொட்டை ஒங்களுக்குத்தான்."