டமால் சார் இழுத்த ஊஞ்சல் சங்கிலி

டில்லியில் டமால் சார் இழுத்துப் பார்க்காத பொருள் இரண்டே இரண்டுதான்: ஒன்று குதுப் மினார், இன்னொன்று எங்கள் டைரக்டரின் மீசை!

லோதி ரோடு பக்கம் ஒரு சர்க்கார் சோதனைக்கூடத்தில் நான் டைப்பிஸ்ட். அவர் அங்கே இழுவை மெஷினுக்கு ஏகபோக அதிபதி. கட்டடக் கம்பியை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு, அறும்வரை இழுக்கும் ராட்சச மெஷின் அது. கம்பி 'டமால்' என்று அறும்போது நாங்கள் காதைப் பொத்திக்கொள்வோம். அவர் துள்ளிக் குதிப்பார். டிபன் காரியர் பிடி, பியூனின் பெல்ட், என் செருப்பு வார், எதையும் அவர் விட்டுவைத்ததில்லை.

லக்ஷ்மிபாய் நகரில் எனக்குக் கல்யாணம். "ஊஞ்சல் இல்லாத கல்யாணம் எங்காத்துல வழக்கமே இல்ல" என்று மாப்பிள்ளையின் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். அப்பா மெட்ராஸிலிருந்து நாலு பித்தளைச் சங்கிலி வரவழைத்தார். முந்தின நாள் காலையில் டமால் சார் வந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டார்.

"டெஸ்ட் பண்ணாத சங்கிலியில பொண்ணை உக்கார வெப்பேளா?"

மத்தியானமே ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

"பாஸ்! பிரமாதமான சங்கிலி, சார்! ரெண்டு டன் வரைக்கும் அசையவே இல்ல!"

"சங்கிலி எங்கே?" என்றார் அப்பா.

பையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்துப் பெருமையாக நீட்டினார். கண்ணியெல்லாம் இழுபட்டுக் கோணலாகியிருந்தது, ஒட்டவைக்கவும் வழியில்லை. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா அழுதே விட்டாள். அப்போதுதான் மனுஷருக்கு உறைத்தது.

"அய்யய்யோ!" என்று சைக்கிளில் பறந்தவர், கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு இரும்புச் சங்கிலியோடு திரும்பினார்.

"லாப் மூடிட்டாம்மா. இது டெஸ்ட் ஆகல" என்றார் என்னிடம்.

மறுநாள் நாங்கள் ஊஞ்சலில் உட்கார்ந்தோம். மாமிகள் பாட ஆரம்பித்தார்கள். இரும்புச் சங்கிலி 'கிறீச்' என்றது. திரும்பிப் பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டமால் சார்! அந்தச் சங்கிலி மாட்டிய மூலையில் பலகைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, ஊஞ்சலோடு முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றேள் அங்கே?" என்றாள் மாமியார்.

"லோடு எடுக்கறேன், மாமி!"

ஐந்து பாட்டு பாடினார்கள். ஐந்துக்கும் அவர் கையை எடுக்கவில்லை. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைவிட, பின்னால் ஓடிக்கொண்டிருந்தவரைத்தான் ரொம்பப் பிடித்திருந்தது.