டானா மூலை

"சார், என் ஆய்வேட்டுல கையெழுத்துப் போடுங்க."

கேட்டேவிட்டாள். துறையில் சேர்ந்த முதல் நாளே ஒரு சீனியர் காதைக் கடித்திருந்தார்: எதை வேண்டுமானாலும் கேள், கையெழுத்தை மட்டும் கேட்காதே, பேராசிரியர் அவராகப் போடும்போது போடுவார். ஐந்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவராகப் போடவில்லை. இப்போது கைப்பையில் வேலை உத்தரவு ஒன்று இருக்கிறது. கிரேன் செய்யும் கம்பெனி. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த ரசீதை வெள்ளிக்கிழமைக்குள் காட்டினால் வேலை, இல்லையென்றால் அடுத்த ஆள். இன்று திங்கள்.

பேராசிரியர் கோபப்படவில்லை. அவருடையது மூலை அறை. இரண்டு பக்கம் ஜன்னல், ஏசி, கால் நீட்டிக்கொள்ள ஒரு சாய்வு நாற்காலி. அதில் உட்கார்ந்தவருக்குக் கோபம் எங்கிருந்து வரும்?

"நான் என்ன மாட்டேன்னா சொன்னேன்? மூலையில விடை நிக்கலையேம்மா."

இது வேறு மூலை. ‘ட’ எழுத்து வடிவத்தில் ஓர் இரும்புத் தகடு. அதை இழுத்தால் உள்மூலையில் எவ்வளவு தகைவு ஏறும், அதாவது அந்த இடம் எவ்வளவு திணறும் என்று கணினியில் சொல்ல வேண்டும். தகட்டின் மேல் கட்டம் கட்டமாக வலை பின்னிக் கணக்குப் போடுவார்கள். வலை பொடியாகப் பொடியாக, விடை ஓர் எண்ணில் வந்து நிற்க வேண்டும். மற்ற அத்தியாயங்களை மூன்றே வருஷத்தில் முடித்துவிட்டாள். கடைசியாக அவர் கொடுத்த இந்தத் தகடுதான் இரண்டு வருஷமாகக் கழுத்தை அறுக்கிறது. ஜூனியர்கள் ‘டானா அக்கா’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

"மூலையில வலைய இன்னும் கொஞ்சம் பொடியாக்கு. நின்னுடும்."

பொடியாக்கினாள். முந்நூறாக இருந்த தகைவு நானூற்றுப் பதினொன்றானது.

"இன்னும் பொடி."

ஐந்நூற்று அறுபத்து மூன்று.

இது நிற்கவே நிற்காது என்று அவளுக்கு எப்போதோ சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. புரியாதது எல்லாம் தன் குறை, புரியவைக்காதவர் எல்லாம் மேதை. இரண்டு வருஷமாக அவர் வகுப்பே எடுப்பதில்லை. மேதைக்கு வகுப்பு எதற்கு என்று நினைத்துக்கொண்டாள். அவரிடம் மிச்சமிருந்த ஒரே மாணவி இவள்தான். மேதையிடம் தாக்குப்பிடிப்பது லேசா என்று அதற்கும் ஒரு சமாதானம்.

செவ்வாய்க்கிழமை, இன்னும் பொடியான வலைக்கு ஒரு கணினி போதவில்லை. ஆய்வகத்தில் இருந்த எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டினாள். எழுநூற்று எழுபத்திரண்டு என்று காட்டிவிட்டு எல்லாம் ஒன்றாகப் படுத்துக்கொண்டன.

"டானாக்கா! என் பாலம் போச்சு! மூணு நாளா ஓடிட்டிருந்த கணக்கு!"

"உன் பாலத்தை மறுபடி கட்டிக்கலாம். என் வெள்ளிக்கிழமைய யாரு கட்டித் தருவா?"

வீட்டிலிருந்து போன். அப்பா வெல்டர்.

"இன்னுமா அதே தகடு? உள்மூலைய கூரா விட்டா அங்கதான் விரிசல் விடும். அரத்தால கொஞ்சம் ராவி வளைச்சு விட்டா தீந்துது. இதுக்கா ரெண்டு வருஷம்?"

பின்னால் அம்மாவின் குரல்: "அந்தத் தகட்ட அங்கயே போட்டுட்டு வரச் சொல்லுங்க. வேற வாங்கிக்கலாம்."

புதன்கிழமை மூலையை வளைத்தாள். முந்நூற்று எண்பது. வலையை எத்தனை பொடியாக்கினாலும் ஆணி அடித்த மாதிரி அதே முந்நூற்று எண்பது. படியில் இரண்டிரண்டாகத் தாவி ஓடினாள்.

பேராசிரியர் காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"மூலைய வளைக்க யாரு சொன்னா? இது ‘ட’ இல்லையே. இது வேற தகடு. தகடு மாறினா தலைப்பு மாறும். தலைப்பு மாறினா முதல் அத்தியாயத்துலேருந்து எழுதணும்."

வியாழக்கிழமை நூலகத்திலிருந்து அவர் எழுதிய பாடப்புத்தகத்தையே தூக்கிக்கொண்டு போனாள். பின்னட்டையில் தலை நிறைய முடியோடு அவர். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தாள். ‘கூரான உள்மூலையில் வலையை எவ்வளவு நுணுக்கினாலும் தகைவு ஏறிக்கொண்டே போகும், ஒருபோதும் நிலைக்காது.’

"சார், இது நீங்க எழுதினது."

கண்ணாடியைப் போட்டார். படித்தார். கழற்றினார்.

"அது பழைய பதிப்பும்மா."

"இரும்புக்கு எப்ப சார் புதுப் பதிப்பு வந்தது?"

"படிச்ச பொண்ணு இப்படிப் பேசலாமா? இன்னும் ஒரே ஒரு தடவை பொடியாக்கு. அப்புறம் பாக்கலாம்."

புத்தகத்தை மூடினாள். மூடியது புத்தகம் மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே முடிவு எடுத்தாகிவிட்டது. கடைசி அத்தியாயத்தை ஒரே பக்கமாக எழுதினாள்: இந்த விடை நிற்காது, காரணம் இது. வழிகாட்டியின் கையெழுத்துக்கான இடத்தை வெள்ளையாகவே விட்டாள். ரசீது கொடுத்தால் சரி. கொடுக்காவிட்டால், நடந்ததைக் கிரேன்காரர்களிடம் அப்படியே சொல்லிப் பார்ப்பது. அதுவும் இல்லையென்றால் வேறு வேலை. மூலை அறைப் படியை மட்டும் இனி மிதிப்பதாக இல்லை. ஆய்வக மேசையைத் துடைத்து, சாவியை அதன் மேல் வைத்தாள்.

துறை அலுவலகத்தில் கிளார்க்கம்மா ஆய்வேட்டைப் புரட்டினார். வெள்ளை இடத்தில் விரல் ஒரு நொடி நின்றது. சத்தமாக முத்திரை விழுந்தது, ரசீது கைக்கு வந்தது.

"கையெழுத்து இல்ல. பாத்தீங்களா?" வாய் சும்மா இருந்தால்தானே.

"பாத்தேன். உனக்குத் துறைத் தலைவர் போட்டாலே போதும்மா."

ஏன் என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கப் போய், ரசீதைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டால்? பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டும்போது கிளார்க்கம்மா போனில் பேசுவது முதுகில் வந்து விழுந்தது.

"ஹலோ, மெயின்டனன்ஸா? அந்த மூலை ரூமுக்கு வேற பூட்டு கொண்டாங்க. ஆமா, சார் ரிட்டயர்டாகி ரெண்டு வருஷமாச்சுதான். ஒரு ஸ்டூடண்டாவது முடிக்காம இருந்தா ரூம் அவருக்குத்தான்னு விதி இருக்கே, அந்த ஒண்ணு இப்பதான் வெளிய போகுது!"