உரம் போடாத நான்கு வரிசை

அன்புத் தங்கை மகள் வேளாண் பொறியாளர் நஜ்லாவுக்கு,

உன் மாமா அப்துல் மவ்ஜூத் எழுதிக்கொள்வது. உன்மீதும் உன் பேராசிரியர்கள்மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். நான் நலம், எருமை நலம். விலைக்கு வாங்கும் குடிநீர் கேனைச் சுமந்து சுமந்து உன் மாமி அத்தியாத்துக்கு முழங்கால் வலி மட்டும் நலமாக இருக்கிறது.

வியாழக்கிழமை நீ பேராசிரியர்கள் முன் நின்று, என் வயலில் உரமே போடாத நான்கு வரிசை முட்டைக்கோஸ் உரம் போட்டதற்குச் சமமாக எடை வந்தது என்று சொல்லப்போகிறாய். அதற்குள் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை.

மண்ணைத் துளைத்து எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டு, "மாமா, இதுல வேணுங்கிற தழைச்சத்து ஏற்கெனவே இருக்கு. இந்த நாலு வரிசைக்கு யூரியாவைக் கண்ணுலகூடக் காட்டாதீங்க" என்றாய். சத்தியம் செய்தேன். ஆனால் நீ தேர்ந்தெடுத்ததோ ரோட்டோர வரிசைகள். ஐந்தாம் வாரம் வெளிறி நின்றன. பக்கத்து வயல் ஸக்லூல் கழுதையை நிறுத்தி, "என்ன ஹாஜி, கோஸுக்கும் நோன்பா?" என்றான். மறுநாள் முதல் கழுதை அங்கே தானாகவே நின்றது. பெருநாள்தோறும் ஆடு அறுத்துப் பங்கிடும் என்னைப் பள்ளிவாசல் இமாம் தனியே அழைத்து, "ஏழைங்களுக்குக் குடுக்கிற ஜகாத் பட்டியல்ல பேரைச் சேர்க்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார். என்னால் தாங்க முடியவில்லை. பீப்பாயில் யூரியாவைக் கரைத்து மூடி வைத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, ஊரே தொழுகைக்குப் போன நேரத்தில், வயிற்றுவலி என்று உன் மாமியிடம் பொய் சொல்லிவிட்டு, வாளி வாளியாகச் சுமந்து நான்கு வரிசைக்கும் ஊற்றினேன். இரண்டே வாரத்தில் கரும்பச்சை. எங்கள் கொல்லைக் கீரைகூட அந்த மாதம் முழங்கால் உயரம் வளர்ந்தது. இறைவன் மன்னித்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு நீ தராசோடு வந்தாய். எடை சமமாக வந்ததும் சேற்றிலேயே குதித்தாய். "பாத்தீங்களா மாமா, முப்பது வருஷமா நீங்க கொட்டினதுல பாதி செடிக்கே போகல. கீழ இறங்கி நம்ம அடிபம்புத் தண்ணியைத்தான் கெடுத்திருக்கு" என்றாய். நானும் சிரித்தேன். என் வாளி செய்த வேலை அல்லவா அது என்று உள்ளே நெஞ்சு வெந்தது. நஜ்லா, உன் இரண்டு வருட உழைப்பை என் வெட்கம் தின்றுவிட்டது. வியாழக்கிழமை அதைச் சொல்லாதே. மாமா ஏமாற்றிவிட்டார் என்று சொல். கூப்பிட்டால் நானே வந்து தலைகுனிந்து நிற்கிறேன்.

உனக்கு நல்ல கணவனும், சொன்ன சொல் காக்கும் விவசாயிகளும் வாய்க்க இறைவன் அருள்வானாக.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: உன் மாமியிடமும் பொய் சொன்னேனே என்று கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "வயித்துவலி வர்றதுக்கு முதநாளே பீப்பாயை மூடி வெச்சீங்களே, எனக்குத் தெரியாதா? அதைக் கீரைக்கு ஊத்திட்டு வாய்க்கால் தண்ணியை ரொப்பி வெச்சேன். புள்ளைகிட்ட சத்தியம் பண்ணினா யாராவது காப்பாத்தணும்ல" என்கிறாள். கடிதத்தைக் கிழிக்கவும் விடவில்லை. "அனுப்புங்க, புள்ள சிரிக்கட்டும்" என்கிறாள்.

ஆகவே தைரியமாகச் சொல். நான் ஊற்றியது வெறும் தண்ணீர். கோஸ் தானாகத்தான் பச்சையானது. நீ சொன்னது அத்தனையும் உண்மை, அடிபம்பைப் பற்றிச் சொன்னதும். காலையிலிருந்து அதன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் மாமி கேனோடு முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.